கேப் காட் கடற்கரையில் கோடைக் கடைசி: நிதி திரட்டும் நிகழ்ச்சிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தென்கிழக்கில், முழங்கை மடக்கிய வாக்கில் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது கேப் காட். அதன் தெற்கே மார்த்தாஸ் வினியார்ட், நான்டக்கெட் என்ற இரண்டு தீவுகள். ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து செப்டம்பர் பாதி வரை இங்கே ஓட்டம், விருந்து, ஏலம், சந்தை, கச்சேரி என்று ஏதாவது ஒன்று நடந்துகொண்டே இருக்கும். பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஒரு மருத்துவமனையோ நூலகமோ தொண்டு அமைப்போ இருக்கும். பாஸ்டன் வட்டாரத் தமிழர்களும், கோடையில் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோரும் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

எல்லாம் ஏன் ஆகஸ்டிலேயே குவிகின்றன?

பணமுள்ளவர்கள் அப்போதுதான் ஊரில் இருக்கிறார்கள். கோடை வீடு வைத்திருப்பவர்கள் ஆகஸ்டில் வந்து தங்கி, செப்டம்பர் முதல் திங்களான லேபர் டே முடிந்ததும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊர் அமைப்புகள் பலவற்றுக்கு ஆண்டுச் செலவில் பெரும்பங்கு இந்த ஐந்தாறு வாரத்தில் வந்தால்தான் உண்டு. அதனால் ஒரே சனிக்கிழமையில் மூன்று விருந்துகள் மோதுவது சகஜம்.

இதில் ஒரு சிக்கல். உணவகங்களிலும் பந்தல் போடும் நிறுவனங்களிலும் வேலை செய்யும் கல்லூரி மாணவர்கள் ஆகஸ்ட் பாதிக்கு மேல் வகுப்புக்குத் திரும்பிவிடுவார்கள். கூட்டம் உச்சத்தில் இருக்கும்போது ஆள் குறைந்துவிடும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் நிகழ்ச்சி வைப்பவர்கள் பரிமாற ஆள் இருக்கிறதா என்பதை ஜூனிலேயே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எது எப்போது நடக்கும்?

தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், கிழமை அநேகமாக மாறாது. அதனால் கிழமைக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆகஸ்ட் முதல் சனி, ஞாயிறு: பான்-மாஸ் சேலஞ்ச் சைக்கிள் பயணம். இரண்டாம் சனி: நான்டக்கெட்டின் ஜெட்டீஸ் கடற்கரையில் பாஸ்டன் பாப்ஸ் இசைக்குழுவின் கச்சேரி, வருமானம் தீவின் மருத்துவமனைக்கு. மூன்றாம் ஞாயிறு: ஃபால்மவுத் ஓட்டம். அதே நாளில் நான்டக்கெட்டில் ஓபரா ஹவுஸ் கப், அதாவது மரத்தால் கட்டிய பழைய பாய்மரப் படகுகளின் போட்டி. 1973 முதல் நடக்கும் இது, தீவுச் சிறுவர்களுக்குப் படகோட்டக் கற்றுத்தரும் அமைப்புக்கு நிதி திரட்டுகிறது. போட்டிக்கு முன் காலையில் வண்ணப் பாய்கட்டிய சின்னப் படகுகள் பிராண்ட் பாயின்ட் கலங்கரை விளக்கைச் சுற்றி வரிசையாக வரும். கரையில் நின்று பார்க்கக் காசு வேண்டாம்.

ஆகஸ்ட் நடுவில் ஒரு புதன்கிழமை மார்த்தாஸ் வினியார்டின் ஓக் பிளஃப்ஸில் விளக்குத் திருவிழா. அதையொட்டி வியாழன் முதல் ஞாயிறு வரை வெஸ்ட் டிஸ்பரியில் விவசாயச் சந்தை. லேபர் டே முடிந்த பிறகு, செப்டம்பரில் ப்ராவின்ஸ்டவுனில் ஸ்விம் ஃபார் லைஃப் நீச்சல்.

பெரிய பணம் இல்லாமல் குடும்பத்தோடு போகக்கூடியது எது?

முதலில் கேப் காட் பேஸ்பால் லீக் ஆட்டங்கள். பத்து அணிகள், எல்லாரும் கல்லூரி ஆட்டக்காரர்கள், சம்பளம் கிடையாது, மர மட்டையில்தான் ஆட வேண்டும். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆட்டத்தின் நடுவே தொப்பியோ டப்பாவோ சுற்றி வரும். குடும்பத்துக்குப் பத்து டாலர் போட்டால் மரியாதை. “ஃபிஃப்டி-ஃபிஃப்டி” என்று ஒரு சீட்டும் விற்பார்கள்: சேர்ந்த தொகையில் பாதி வென்றவருக்கு, பாதி அணிக்கு. ஆகஸ்ட் இரண்டாம் வாரத்துக்குள் பருவம் முடிந்துவிடும், தள்ளிப்போடாதீர்கள். சாட்டம் மைதானத்தில் மாலை மூடுபனி இறங்கி ஆட்டம் நின்றுபோவதும் உண்டு.

அடுத்தது ஓக் பிளஃப்ஸ் விளக்குத் திருவிழா. 1835-இல் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் கூடாரம் போட்டுத் தங்கிய இடம் இது. கூடாரங்கள் பிறகு 300-க்கும் மேற்பட்ட குட்டி மரவீடுகளாயின. 1869 முதல் ஒரு கோடை இரவில் எல்லா வீட்டுத் திண்ணைகளிலும் காகித விளக்குகளைத் தொங்கவிடுகிறார்கள். நடுவே உள்ள இரும்புக் கூரை மண்டபத்தில் முதலில் எல்லாரும் சேர்ந்து பாடுவார்கள். பிறகு சுற்றிலும் விளக்கெல்லாம் அணைக்கப்பட, மேடையில் ஒருவர் முதல் விளக்கை ஏற்றுவார். அதன் பிறகே வீடுகளில் ஏற்றுவார்கள். இலவசம். குழந்தை வண்டி கொண்டுபோனால் சந்துகளில் நகரவே முடியாது.

வெஸ்ட் டிஸ்பரி சந்தைக்கு நுழைவுச்சீட்டு உண்டு. காளை, ஆடு, கோழி, பூசணி, பெண்கள் இரும்பு வாணலியை வீசும் போட்டி என்று ஒரு முழு நாள் போகும். தீயணைப்புத் தன்னார்வலர்கள் நடத்தும் பர்கர் கடையில் வாங்கினால் காசு ஊருக்கே திரும்புகிறது.

ஃபால்மவுத் ஓட்டத்தில் சேருவது எப்படி?

1973-இல் டாமி லெனர்ட் என்ற மதுக்கூடப் பணியாளர் தொடங்கி வைத்தது. முதல் ஆண்டில் ஓடியவர்கள் நூறு பேர்கூட இல்லை. இப்போது பத்தாயிரத்துக்கு மேல். உட்ஸ் ஹோலில் தொடங்கி ஃபால்மவுத் ஹைட்ஸில் முடியும், 7 மைல். பொது இடங்கள் வசந்தகாலத்தில் குலுக்கல் முறையில் நிரம்பும். குலுக்கலில் வராதவர்களுக்குத் தொண்டு அமைப்புகள் வழியாக ஒரு வாசல் உண்டு: ஓட்ட நிர்வாகம் அந்த அமைப்புகளுக்கு ஓட்டக்காரர் அணியும் எண்கள் ஒதுக்குகிறது, நீங்கள் ஓர் அமைப்போடு சேர்ந்து குறிப்பிட்ட தொகையைத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொண்டால் எண் கிடைக்கும். தொகையை ஒவ்வோர் அமைப்பும் தானே வைக்கிறது. சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை இரண்டு: நுழைவுக் கட்டணம் அந்தத் தொகைக்குள் அடங்குமா, தொகை குறைந்தால் மீதி யார் கணக்கில் விழும்?

ஓட்டநாள் காலை சாலைகள் மூடப்படும். உட்ஸ் ஹோலுக்குக் காரில் போகும் எண்ணத்தை விட்டுவிட்டு ஊருக்குள்ளிருந்து கிளம்பும் ஓட்டப் பேருந்தில் ஏறுங்கள்.

ஏழே மைல்தானே, ஏன் அத்தனை பேர் சுருண்டு விழுகிறார்கள்?

ஏழே மைல் என்பதால்தான். மாரத்தானில் ஆள் நிதானமாக ஓடுவார். இங்கே முதலிலிருந்தே வேகம். உடல் வெப்பத்தை உண்டாக்குவது வேகத்தைப் பொறுத்தது, தூரத்தைப் பொறுத்ததல்ல. முதல் மூன்று மைல் மரநிழலில் ஏறி இறங்கும்; அங்கே வேகத்தைக் கூட்டிவிடுவார்கள். பிறகு கடலோரச் சாலையில் நிழலே இல்லை. ஆகஸ்டில் காற்று ஈரமாக இருப்பதால் வியர்வை உலராது, உடல் குளிராது. கடைசியில் ஒரு மேடும் இருக்கிறது.

இந்த ஓட்டத்தின் மருத்துவக் குழு உலக அளவில் பேசப்படுவது. 18 ஆண்டுகளில் 274 வெப்பத்தாக்கு நோயாளிகளை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திச் சிகிச்சை தந்தார்கள். ஒருவர்கூட இறக்கவில்லை என்று 2015-இல் ஆய்வுக் கட்டுரை வந்தது. அவர்கள் விதி: முதலில் குளிர்விப்பது, பிறகுதான் ஆம்புலன்ஸ். சிறிய ஓட்டம் நடத்தும் சங்கங்களும் இதை எடுத்துக்கொள்ளலாம். உயரமான பிளாஸ்டிக் தொட்டி, பாதி தண்ணீர், பக்கத்தில் ஐஸ் மூட்டைகள், தலையைத் தண்ணீருக்கு மேல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள். தளர்ந்து விழுந்தவர் உளறினாலோ சண்டைக்கு வந்தாலோ அது வெறும் களைப்பு அல்ல, மூளைக்கு வெப்பம் ஏறிய அடையாளம். உடல் வெப்பத்தை ஆசனவாயில் அளந்தால்தான் சரியாகத் தெரியும்; நெற்றியில் பிடிக்கும் கருவி குறைத்துக் காட்டிவிடும்.

பான்-மாஸ் சேலஞ்சில் சேர்வதென்றால் எவ்வளவு பொறுப்பு?

நிறைய. 1980-இல் பில்லி ஸ்டார் 36 பேரோடு தொடங்கிய பயணம் இது. பணம் பாஸ்டனின் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிலையத்துக்குப் போகிறது. 2024-இல் மட்டும் 7.5 கோடி டாலர். மொத்தத் தொகை 100 கோடி டாலரைத் தாண்டியதும் அந்த ஆண்டில்தான். நீண்ட வழி ஸ்டர்பிரிட்ஜிலிருந்து ப்ராவின்ஸ்டவுன் வரை ஏறத்தாழ 190 மைல். முதல் நாள் 110 மைல் ஓட்டி, போர்னில் உள்ள கடல்சார் கல்லூரியில் இரவு தங்கி, மறுநாள் மீதி. குறுகிய வழிகளும் உண்டு.

வழிக்கேற்ப ஒரு குறைந்தபட்சத் தொகை உண்டு. இரண்டு நாள் வழிகளுக்குச் சில ஆயிரம் டாலர். அதைத் திரட்டாவிட்டால் மீதி உங்கள் கிரெடிட் கார்டிலிருந்து எடுக்கப்படும். பதிவு செய்யும்போதே ஒப்புக்கொள்ளும் விஷயம் இது. பலர் இதைப் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள். ஐம்பது நண்பர்களிடம் நூறு நூறாகக் கேட்பதைவிட, நீங்கள் வேலை செய்யும் நிறுவனம் ஊழியர் நன்கொடைக்குச் சமமான தொகையைத் தானும் தருமா என்று முதலில் விசாரியுங்கள். பாதிச் சுமை அங்கேயே இறங்கிவிடும். ஓட்ட முடியாதவர்கள் தண்ணீர்ப் பந்தலில் தன்னார்வலராக நிற்கலாம். அதற்கும் முன்பதிவு வேண்டும்.

நீச்சல் நிகழ்ச்சியில் சுறா பயம் உண்டா?

இடத்தைப் பொறுத்தது. பெரிய வெள்ளைச் சுறாக்கள் சீல்களைத் தேடி வருகின்றன. 1972-இல் வந்த சட்டம் சீல்களைக் கொல்லத் தடை விதித்தது, அவை பெருகின, பின்னாலேயே சுறாவும் வந்தது. அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்குக் கரையில் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நடமாட்டம் அதிகம். 2018 செப்டம்பரில் வெல்ஃப்ளீட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தார். அந்தக் கரையில் இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள். ஊதா நிறச் சுறாக்கொடி பறக்கிறதா என்று பாருங்கள்.

ப்ராவின்ஸ்டவுன் நீச்சல் 1988-இல் தொடங்கியது. எய்ட்ஸ் நோயாளிகள், பெண்கள் உடல்நலம், ஊர் அமைப்புகள் ஆகியவற்றுக்கு நிதி தருகிறது. துறைமுகத்துக்குள், துணைப்படகுகள் சூழ நடக்கிறது. சுறாவைவிடக் குளிர்தான் பலரைப் படகில் ஏற்றிவிடுகிறது. குளத்தில் மட்டும் பழகியவர்கள் வெட்சூட் என்ற குளிர் தாங்கும் நீச்சல் உடை போட்டு, இரண்டு முறையாவது கடலில் நீந்திப் பார்த்துவிட்டு வரவேண்டும்.

விருந்து டிக்கெட் 500 டாலர். முழுத் தொகைக்கும் வரிவிலக்கு உண்டா?

இல்லை. சாப்பாடு, கச்சேரி ஆகியவற்றின் சந்தை மதிப்பைக் கழித்த மீதிக்குத்தான். சாப்பாட்டு மதிப்பு 150 என்றால் 350 மட்டும். டிக்கெட் 75 டாலருக்கு மேல் என்றால் அந்த மதிப்பை அமைப்பே எழுத்தில் சொல்ல வேண்டும். 250 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால் ரசீதுக் கடிதம் இல்லாமல் கணக்கில் காட்ட முடியாது. வங்கி அறிக்கை போதாது. குலுக்கல் சீட்டுக்கு விலக்கே கிடையாது. ஏலத்தில் எடுத்த பொருளுக்கு, அதன் மதிப்புக்கு மேல் கொடுத்தது மட்டும் நன்கொடை.

பலருக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது, ஏனெனில் செலவுகளைத் தனித்தனியாகக் காட்டாமல் நிலையான கழிவை (ஸ்டாண்டர்ட் டிடக்ஷன்) எடுப்பவர்கள் அவர்கள். 2026 வரி ஆண்டிலிருந்து அவர்களும் ரொக்க நன்கொடையில் தனிநபருக்கு 1,000, சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,000 டாலர் வரை கழிக்கலாம். அமைப்பு 501(சி)(3) தகுதி, அதாவது நன்கொடைக்கு வரிவிலக்குத் தரும் தகுதி, உள்ளதா என்பதை வரித்துறையின் இணையத் தேடலில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

எழுத்து ஏலம் எப்படி நடக்கிறது?

மேசையில் பொருளும் பக்கத்தில் ஒரு தாளும் இருக்கும். முந்தையவர் எழுதிய தொகைக்கு மேல் நீங்கள் எழுத வேண்டும். இப்போது பல இடங்களில் தாளுக்குப் பதில் கைப்பேசி. நடத்துபவர்கள் தொடக்க விலையைச் சந்தை மதிப்பில் 30 முதல் 40 சதவீதத்தில் வைப்பது வழக்கம். 60-இல் வைத்தால் யாரும் முதல் பெயரை எழுத மாட்டார்கள். விருந்தினர் இருவருக்கு ஒரு பொருள் என்பதற்கு மேல் போனால் எல்லாமே மலிந்துவிடும். எல்லா மேசைகளையும் ஒரே நேரத்தில் மூடாமல் பத்து நிமிட இடைவெளியில் மூடுங்கள்: ஒன்றில் தோற்றவர் அடுத்ததற்குப் போவார்.

எடுப்பவர்கள் கவனிக்க வேண்டியது, கடற்கரை வீட்டில் ஒரு வாரம் என்ற பொருளை. அந்த வாரம் பெரும்பாலும் செப்டம்பருக்குப் பிறகுதான். எந்தத் தேதிகளுக்குப் பொருந்தாது, எப்போது காலாவதி, துப்புரவுக் கட்டணம் யாருடையது என்பதைத் தாளின் அடியில் சின்ன எழுத்தில் தேடுங்கள்.

கிளாம்பேக் என்றால் என்ன? சைவர்கள் சாப்பிட முடியுமா?

கடற்கரையில் குழி தோண்டி, சூடான கல்லின் மேல் கடற்பாசி பரப்பி, மட்டியும் லாப்ஸ்டரும் ஆவியில் வேகவைக்கும் விருந்து. தேங்காய் அளவு கற்களைக் குழியில் அடுக்கி, மேலே காய்ந்த விறகை இரண்டு மூன்று மணிநேரம் எரிக்கிறார்கள். கல் உலர்ந்ததாக இருக்க வேண்டும். ஈரம் ஊறிய கல் சூட்டில் வெடித்துச் சிதறும். தணலை வாரித் தள்ளிவிட்டு, அரை அடி கனத்துக்குப் பாறைப்பாசி போடுவார்கள். அந்தப் பாசியில் உள்ள உப்புநீர்தான் ஆவியாகிறது. வேறு புல் பூண்டு போட்டால் கருகும். பிறகு உருளைக்கிழங்கு, சோளம், போர்த்துகீசியர் கொண்டுவந்த லிங்குயீசா என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி, லாப்ஸ்டர், மட்டி என்று அடுக்கி, மேலே மறுபடி பாசி, நனைத்த தார்ப்பாய். ஏறக்குறைய ஒரு மணிநேரம். உச்சியில் ஒரு பச்சை முட்டையை வைத்துவிடுவது பழைய வழக்கம். அது கெட்டியானால் விருந்தும் வெந்தது.

ஐம்பது பேருக்கு: ஒன்றேகால் பவுண்டு லாப்ஸ்டர் ஐம்பது, மட்டி 50 பவுண்டு, சோளம் 60 முதல் 75, சின்ன உருளை நூறு, தொத்திறைச்சி 12 பவுண்டு, உருக்க வெண்ணெய் 8 பவுண்டு. ஓடு விரிந்த மட்டியைத் தட்டினால் மூட வேண்டும், மூடாதது செத்தது. வெந்த பிறகும் வாய் திறக்காததைத் தூக்கிப் போடுங்கள். கடலில் நச்சுப்பாசி பரவும் காலத்தில் மட்டி விஷமாகும், சமைத்தாலும் போகாது. எனவே உரிமம் உள்ள வியாபாரியிடம் வாங்கி, மூட்டையில் கட்டிய சீட்டை 90 நாள் பத்திரப்படுத்த வேண்டும். தானே தோண்டியதைப் பொதுமக்களுக்குப் பரிமாறக் கூடாது.

சைவத்துக்கு வருவோம். சோளமும் உருளையும் சைவம்தானே என்று தட்டில் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை மட்டியின் சாறு சொட்டச் சொட்ட வெந்தவை. பன்றிக் கொழுப்பும் சேர்ந்திருக்கும். டிக்கெட் வாங்கும்போதே, “தனிப் பாத்திரத்தில் வேகவைத்துத் தர முடியுமா?” என்று கேளுங்கள், ஒரு வாரம் முன்பே சொன்னால் பெரும்பாலான சமையல்காரர்கள் செய்து தருவார்கள். ஓட்டுமீன் ஒவ்வாமை உள்ளவர்கள் குழிப் பக்கமே போக வேண்டாம், ஆவியும் தொல்லை தரலாம்.

எங்கள் தமிழ்ச் சங்கம் கடற்கரையில் நிதி திரட்ட நினைக்கிறது. என்னென்ன அனுமதி?

நான்கு கதவுகளைத் தட்ட வேண்டும். கடற்கரை ஊருக்குச் சொந்தம் என்றால் ஊர் நிர்வாகம், தேசியக் கடற்கரை என்றால் பூங்காத் துறை. வழக்கமாகப் பத்து லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றும் அதில் ஊரின் பெயரும் கேட்பார்கள். உணவுக்கு ஊர் சுகாதாரக் குழுவின் தற்காலிக அனுமதி. சூடானது 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது, குளிர்ந்தது 41-க்கு மேல் ஏறக்கூடாது. வீட்டில் சமைத்த சாம்பார் அண்டாவோடு போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நெருப்புக்குத் தீயணைப்புத் துறை. பொதுமக்களிடம் நன்கொடை கேட்க மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் பதிவு.

குலுக்கல் நடத்த ஊர் எழுத்தர் தரும் அனுமதி தனி. சங்கம் மாநிலத்தில் இரண்டு ஆண்டாவது இயங்கியிருக்க வேண்டும். மொத்த வசூலில் 5 சதவீதம் மாநில லாட்டரி ஆணையத்துக்கு வரி. பரிசுச் செலவைக் கழிக்காமல் மொத்தத்தில் 5 என்பதைப் பொருளாளரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மது உண்டென்றால் ஒருநாள் உரிமம் வேண்டும்; சரக்கை எங்கே வாங்கலாம் என்பதை உரிமம் தரும் இடத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பந்தல், காற்று, ஓதம்?

தென்கரையில் கோடைப் பிற்பகலில் தென்மேற்குக் காற்று எழும். காலையில் அசையாத பந்தல் மூன்று மணிக்குப் பறக்கும். பத்துக்குப் பத்து அடிப் பந்தலுக்குக் கால் ஒன்றுக்குக் குறைந்தது 40 பவுண்டு எடை. மணலில் சாதாரண ஆணி நிற்காது. தண்ணீர்க் குடத்தைக் கட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஒரு கேலன் எட்டுப் பவுண்டு கொஞ்சம்தான், கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஓதம், அதாவது கடல் ஏறி வற்றுவது, இடத்துக்கு இடம் வேறு. ஃபால்மவுத் பக்கம் ஏற்ற இறக்கம் இரண்டடி அளவு. வடக்கே கேப் காட் வளைகுடாவில் ஒன்பது பத்தடி. ப்ரூஸ்டரில் கடல் வற்றும்போது ஒரு மைல் மணல் தெரியும், ஏறும்போது உங்கள் மேசை நனையும். ஓத நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவதால், போன சனிக்கிழமை நண்பகலில் வற்றியிருந்த இடம் இந்தச் சனி நண்பகலில் நிறைந்திருக்கும். இடம் பார்க்கப் போகும் நாளில் அந்த நேரத்து ஓதத்தை நம்பாமல், நிகழ்ச்சி நாளின் அட்டவணையைப் பாருங்கள்.

என்ன உடுத்துவது?

ஆண்களுக்குச் சட்டையும் கோட்டும் போதும், டை பெரும்பாலும் வேண்டாம். நான்டக்கெட்டில் வெளுத்த செங்கல் நிறக் கால்சட்டை ஒரு சீருடை மாதிரி. புதிதாக வாங்கினால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். புடவை தாராளமாகக் கட்டலாம், தலைப்பைக் குத்திக்கொள்ளுங்கள். ஊசிக் குதிகால் செருப்பு புல்வெளியில் புதையும். இருட்டியதும் குளிரும், சால்வை அவசியம்.

எப்படிப் போய்ச் சேர்வது?

கேப்புக்குள் நுழைய சேகமோர், போர்ன் என்று 1935-இல் திறந்த இரண்டே பாலங்கள், திசைக்கு இரண்டு தடம். வெள்ளி பிற்பகல் உள்ளே போவதும் ஞாயிறு பிற்பகல் வெளியே வருவதும் வேண்டாத வேலை. சனி விடிகாலையில் போங்கள். பாஸ்டனிலிருந்து ஹயானிஸுக்கு வார இறுதி ரயில் உண்டு. ப்ராவின்ஸ்டவுனுக்கு விரைவுப் படகு ஒன்றரை மணிநேரம். மார்த்தாஸ் வினியார்டுக்கு உட்ஸ் ஹோலிலிருந்து படகில் 45 நிமிடம். காருக்கான இடம் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். நடந்து ஏறுபவருக்கு முன்பதிவு தேவையில்லை. ஆனால் உட்ஸ் ஹோலில் வண்டி நிறுத்த முடியாது, ஃபால்மவுத்தில் நிறுத்திவிட்டு இலவசப் பேருந்தில் வர வேண்டும். அதற்கு ஒரு மணிநேரம் கூட்டிக்கொள்ளுங்கள். இரவு நிகழ்ச்சி என்றால் டிக்கெட் வாங்கும் முன் கடைசிப் படகின் நேரத்தைப் பாருங்கள்.

புயல் வந்து ரத்தானால் பணம் திரும்புமா?

பெரும்பாலும் திரும்பாது. ஆகஸ்ட் கடைசியும் செப்டம்பரும் இங்கே புயல் காலம்; 1991 ஆகஸ்ட் 19-இல் பாப் புயல் வந்தது இதே வாரங்களில்தான். டிக்கெட்டில் “மழை நாள்” தேதி போட்டிருந்தால் அன்றைக்குச் செல்லும். போடவில்லை என்றால் தொகையை நன்கொடையாக வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் விருந்து மதிப்பைக் கழிக்காத முழுத் தொகைக்கும் புதிய ரசீது கேட்டு வாங்குங்கள். சாப்பிடாத சாப்பாட்டின் மதிப்பைக் கழிக்க வேண்டியதில்லை.